மூளையின் வடுவும் மனத்தின் சோர்வும்

புதுச்சேரி நகரின் வடமேற்கே தட்டாஞ்சாவடி என்றோர் இடம் உண்டு. தட்டான் என்றால் பொற்கொல்லன். சாவடி என்றால் வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். இன்று அங்கே தொழிற்பேட்டை அமைந்திருக்கிறது. காலையிலும் மாலையிலும் இருசக்கர வண்டிகள் நெருங்கிச் செல்லும் சாலைகள் அதனைச் சூழ்ந்துள்ளன. அங்கிருந்து சிறிது தொலைவில் கோரிமேடு. அவ்விடத்தில் ஜிப்மர் என்னும் பெரிய மருத்துவமனையும் கல்லூரியும் இருக்கின்றன.

அச்சாலைகளில் ஒன்றில் ஓர் இளைஞர் வண்டியிலிருந்து விழுந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில விநாடி நினைவு தப்புகிறது. பின்பு எழுந்து அமர்கிறார். தம் பெயரைச் சொல்கிறார். மருத்துவமனையில் எடுத்த படத்திலும் குறை ஒன்றும் தோன்றவில்லை. மறுவாரம் வேலைக்குச் செல்கிறார். ஆனால் முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த கணக்கை முடிக்க இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. ஒருவர் பேசும்போது மற்றொருவரும் பேசினால் இரண்டும் குழம்பிவிடுகின்றன. வீட்டார், "உடம்பில் ஒன்றுமில்லையே, இவனுக்கு என்ன வந்தது?" என்கின்றனர். மேலதிகாரி அதனைச் சோம்பல் என்கிறார். அவருக்கு நேர்ந்தது என்ன என்பதை யார் சொல்லக்கூடும்? எலும்பு முறிந்தால் படம் காட்டும்; காய்ச்சல் வந்தால் வெப்பமானி காட்டும். எண்ணம் மந்தமானால் அதை எக்கருவி கொண்டு அளப்பது?

இவ்வினாவுக்கு விடை தேடிப் பிறந்த கல்வியே நரம்பு உளவியல். மூளைக்கு நேரும் கேடு மனத்தின் தொழிலை எவ்வாறு மாற்றுகிறது என்று ஆராய்வது அதன் பணி. அதன் சரித்திரத்தில் மூன்று நோய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, மேலே கூறிய மூளை அதிர்ச்சி. மற்றொன்று, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் நரம்பு நோய். மூன்றாவது, நாம் எல்லோரும் பெயரளவில் அறிந்த மனச்சோர்வு. இம்மூன்றும் சேர்ந்த கதையையே நான் இங்கே கூற விரும்புகிறேன்.

கதையின் தொடக்கம் பிரெஞ்சு நாட்டில். புதுச்சேரிக்கும் அந்நாட்டுக்கும் உள்ள தொடர்பை இங்குள்ள மாணவர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஜிப்மர் நிறுவனமே தன் வேரை 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் இங்கு நிறுவிய மருத்துவப் பள்ளியிலிருந்து தேடிக் காட்டுகிறது. 1954இல் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தபின், 1956இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. 1964இல் அது ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கியது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று.

பாரிசு நகரில் சால்பெத்ரியேர் என்றொரு மிகப் பழைய மருத்துவமனை உண்டு. ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள், ஆண்டுக்கணக்கில் தீராத நோயுடன் அங்கே கிடந்தனர். மற்ற மருத்துவர் அவ்விடத்தை ஒரு குப்பைமேடாகக் கருதினர். ழான் மார்த்தேன் ஷார்க்கோ என்பவர் மட்டும் அதை ஒரு நூலகமாகக் கண்டார். ஒரு நோயாளியை உயிரோடு இருக்கும்போது பல ஆண்டுகள் கூர்ந்து பார்ப்பது, அவர் இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது, இரண்டையும் ஒப்பிடுவது. இதுவே அவர் முறை. எளிய முறைதான். ஆயினும் அதற்கு வேண்டிய பொறுமை எளிதன்று.

இம்முறையால் 1868ஆம் ஆண்டில் அவர் ஒரு நோயின் உருவத்தைத் தெளிவாக வரைந்து காட்டினார். நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. மின்கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் உறை போன்றது அது. செய்தி விரைந்து செல்ல அது வேண்டும். இந்நோயில் மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே அவ்வுறை அழிந்து, அவ்விடங்கள் தழும்பேறிக் கடினமாகிவிடுகின்றன. பல இடங்களில் கடினமாதல் என்பதே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் பெயரின் பொருள். இத்தழும்புகளை ஷார்க்கோவுக்கு முன்பே கார்சுவெல், குருவேலியே என்னும் இருவர் வரைபடங்களாக வெளியிட்டிருந்தனர். ஆனால் அவற்றை உயிருள்ள மனிதரின் துன்பத்தோடு இணைத்துக் காட்டியவர் ஷார்க்கோ. கண்விழிகள் துடித்தல், ஒரு பொருளை எடுக்கக் கைநீட்டும்போது கை நடுங்குதல், சொற்கள் துண்டுதுண்டாக வெளிப்படுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்நோயை ஐயுறலாம் என்றார்.

இந்நோயால் வருந்தியவரின் வாய்மொழி எவ்வாறிருக்கும் என்பதற்கும் ஒரு சான்று கிடைத்தது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரரான அகஸ்டஸ் டெஸ்டே, 1822ஆம் ஆண்டு முதல் தம் உடலில் நேர்ந்த மாற்றங்களை நாட்குறிப்பில் எழுதி வந்தார். முதலில் கண்பார்வை மங்கிற்று. பின்பு தானே தெளிந்தது. சில ஆண்டுகளில் மீண்டும் மங்கிற்று. பிறகு கால்கள் தளர்ந்தன. வருவதும் விலகுவதும், மீண்டும் முன்னிலும் மிகுதியாக வருவதுமாகிய இந்நோயின் இயல்பை அக்குறிப்புகள் அப்படியே காட்டுகின்றன. அவர் 1848இல் இறந்தார். அந்நாட்குறிப்பு பற்றிய நூல் வெளிவந்தது சரியாக நூறாண்டு கழித்து, 1948இல்.

ஷார்க்கோ இந்நோய்க்குப் பல மருந்துகளை முயன்றார். வெள்ளியும் பொன்னும் கலந்த உப்புகள்கூட அவற்றுள் இருந்தன. தட்டார் கையில் அணியாகும் பொன் நரம்புக்கு மட்டும் பயன்படவில்லை.

நம் கதைக்கு வேண்டிய செய்தி வேறொன்று. இந்நோயாளிகள் பலரிடம் நினைவாற்றல் குறைவதையும், எண்ணங்கள் மெல்ல மெல்ல எழுவதையும், உணர்ச்சி மழுங்குவதையும் ஷார்க்கோ தம் விரிவுரைகளிலேயே குறிப்பிட்டிருந்தார். ஒரு பேராசிரியர் இத்தனை தெளிவாகச் சொன்னதைப் பின்வந்தோர் பற்றிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது அதுவன்று.

1926ஆம் ஆண்டில் லண்டனில் காட்ரெல், வில்சன் என்னும் இருவர் நூறு நோயாளிகளிடம் வினவி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். இந்நோயாளிகளில் பெரும்பாலோர் காரணமற்ற மகிழ்ச்சியில் திளைக்கின்றனர். அறிவுக் குறைவோ மிகவும் அரிது என்பது அவர்கள் முடிவு. வில்சன் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர். ஆதலால் அவர் சொல் வேதவாக்காயிற்று. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றால் கால் விளங்காது, ஆயினும் நோயாளி சிரித்துக்கொண்டிருப்பார் என்று மாணவர்கள் பல்லாண்டு படித்தனர். இந்த ஒரு முடிவு விளைத்த தீமை சிறிதன்று என்பது என் கருத்து. சோர்ந்து கிடந்தவரை எவரும் சோர்வு பற்றிக் கேட்கவில்லை. மறதியால் வேலையிழந்தவரை எவரும் சோதிக்கவில்லை. கட்டிலருகே நின்று இரண்டொரு கேள்வி கேட்டு, "இவர் அறிவு தெளிவாக இருக்கிறது" என்று எழுதிவிட்டுச் சென்றனர். நயமாகப் பேசும் ஒருவரின் எண்ணம் வேகம் குன்றியிருப்பதை இரண்டொரு கேள்வியால் கண்டுபிடிக்க முடியாது.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர்களுள் சரிட்ஜ் என்னும் ஆங்கில உளமருத்துவர் ஒருவர். 1969இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் ஒரு நல்ல யுக்தி இருந்தது. மாணவர்கள் அதைக் கவனிக்க வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளை அவர் நலமுள்ளவர்களோடு ஒப்பிடவில்லை. தசை நலிவு நோயாளிகளோடு ஒப்பிட்டார். ஏன்? இரு சாராரும் நடக்க இயலாதவர். இரு சாராருக்கும் எதிர்காலம் இருண்டது. ஆனால் தசை நலிவில் மூளையில் தழும்பு இல்லை. ஆகவே முதற்கூட்டத்தாரிடம் மட்டும் மிகுதியாகக் காணப்படும் மனமாற்றம், முடமானதன் துயரத்தால் மட்டும் வந்ததன்று, மூளைக் கேட்டாலும் வந்தது என்று கொள்ளலாம். அவ்வாறு ஒப்பிட்டபோது அறிவுத் தேய்வு அரிதன்று என்று தெரிந்தது. காரணமற்ற மகிழ்ச்சியும் அத்தேய்வு முற்றியவர்களிடமே மிகுதியாக இருந்தது. மனச்சோர்வோ பலரிடம் இருந்தது.

இனி நம் கதை உலகின் மறுகோடிக்குச் செல்கிறது. நியூசிலாந்தில் ஆக்லாந்து நகரில் டாரதி குரோன்வால் என்னும் உளவியல் அறிஞர், தலையில் அடிபட்டு மீண்டவர்களை 1970களில் ஆராய்ந்து வந்தார். மூளை அதிர்ச்சி புதிய செய்தியன்று. பத்தாம் நூற்றாண்டுப் பாரசீக மருத்துவர் அர்ராசி, மூளை கிழிபடாமலே சிறிது நேரம் தொழில் மறந்து நிற்கும் நிலை ஒன்று உண்டு என்று வேறுபடுத்திக் கூறியிருக்கிறார். 1928இல் அமெரிக்காவில் மார்ட்லாண்டு என்பவர், பலமுறை தலையில் குத்துப்பட்ட மல்லர்கள் நாளடைவில் தள்ளாடித் திரிவதை எழுதினார். ஆனால் ஒரேயொரு சிறிய அடிக்குப் பின் ஒருவர் எப்போது முழுதும் மீண்டார் என்று சொல்வதற்கு அளவுகோல் இல்லை. குரோன்வால் அந்த அளவுகோலைச் செய்தார்.

அது மிக எளிய பரீட்சை. ஒலிநாடாவில் ஓர் எண் ஒலிக்கும். சில விநாடி கழித்து மற்றோர் எண். பின்னும் ஓர் எண். கேட்பவர் ஒவ்வோர் எண்ணையும் அதற்கு நேர்முன் வந்த எண்ணோடு கூட்டி விடை சொல்ல வேண்டும். மூன்று, ஐந்து என்று வந்தால் எட்டு என்பார். அடுத்து இரண்டு வந்தால் பத்து என்று சொல்லலாகாது. ஐந்தும் இரண்டும் ஏழு என்று சொல்ல வேண்டும். அதாவது தாம் சொன்ன விடையை மறந்து, தாம் கேட்ட எண்ணை நினைவில் வைக்க வேண்டும். கேட்டல், நினைத்தல், கூட்டல், பேசல், மறத்தல் ஆகிய அத்தனையும் இரண்டு மூன்று விநாடிக்குள் நடைபெற வேண்டும். நண்பர் ஒருவரை எண்கள் சொல்லச் செய்து நானும் முயன்று பார்த்தேன். பதினைந்தாவது எண்ணைத் தாண்டுவதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. நீங்களும் முயன்று பாருங்கள். இரண்டாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் நேரம் துரத்தும்போது அது வேறு உருவம் கொள்கிறது.

அடிபட்டவர்கள் இப்பரீட்சையில் தடுமாறினர். வாரங்கள் செல்லச் செல்லப் பெரும்பாலோர் பழைய நிலைக்கு வந்தனர். 1974இல் குரோன்வாலும் ரைட்சன் என்னும் அறுவை மருத்துவரும் இவ்வுண்மையை வெளியிட்டனர். மறு ஆண்டில், இரண்டாம் முறை அடிபட்டவர்கள் முதன்முறை அடிபட்டவர்களைவிட மெதுவாகவே மீள்கின்றனர் என்றும் காட்டினர். நான் முதலில் கூறிய இளைஞர் சோம்பேறியல்லர் என்பதற்கு இங்கேதான் சான்று கிடைத்தது. அவர் அறிவு குறையவில்லை. ஒரே நேரத்தில் அவர் மூளை கையாளக்கூடிய செய்தியின் அளவு குறைந்திருக்கிறது.

இப்போது இரண்டு கதைகளும் ஒன்று சேர்கின்றன. அமெரிக்க நரம்பு உளவியலார் ஸ்டீபன் ராவ், தலையடிக்காகச் செய்த அப்பரீட்சையை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். உறையிழந்த நரம்பில் செய்தி மெதுவாகச் செல்லுமாயின், வேகத்தை அளக்கும் பரீட்சையே அதற்கு ஏற்றது என்பது தெளிவு. 1991இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் ஒரு மைல்கல். மருத்துவமனையில் கிடந்தவர்களை விடுத்து, ஊரில் வாழ்ந்துகொண்டிருந்த நூறு நோயாளிகளை எடுத்துக்கொண்டார். வயதிலும் கல்வியிலும் அவர்களையொத்த, நலமுள்ள நூறு பேரையும் எடுத்துக்கொண்டார். இரு சாராருக்கும் ஒரே பரீட்சைகளை நடத்தினார். குறைபாடு கண்டவர் நோயாளிகளில் 48 பேர். நலமுள்ளவர்களில் 5 பேர். ஐந்தைக் கழித்தால் நூற்றுக்கு 43. அரிது என்று அறுபத்தைந்து ஆண்டு நம்பியது இவ்வளவு!

அவர் கண்ட மற்றொன்று இதனினும் முக்கியமானது. எண்ணவேகம் குன்றியவரும் குன்றாதவரும் உடல் முடத்தில் ஏறக்குறைய ஒத்திருந்தனர். ஆயினும் குன்றியவர்களே வேலையை மிகுதியாக இழந்திருந்தனர்; நண்பர் கூட்டத்திலிருந்தும் விலகியிருந்தனர். சக்கர நாற்காலியைக் கண்டு இரங்கிய உலகம், கண்ணுக்குப் புலப்படாத இக்குறையைக் கண்டு சினந்தது எனலாம்.

மனச்சோர்வின் இடம் இதில் யாது? இந்நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கடுமையான மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அதை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 1961இல் ஆரன் பெக் வகுத்த வினாத்தாள் உலகெங்கும் வழங்குகிறது. களைப்பாக இருக்கிறதா, உறக்கம் கெட்டதா, வேலையில் ஊக்கம் குறைந்ததா என்றெல்லாம் அது கேட்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர் மனம் சோராவிடினும் களைத்தே இருப்பார். அது நோயின் இயல்பு. ஆகவே களைப்பையும் துயரத்தையும் பிரித்துக் கேட்கும் வினாத்தாள்கள் 1990களில் உருவாயின.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நரம்பு உளவியலார் பீட்டர் ஆர்னெட் இவ்விடத்தில் ஆராய்ந்தார். சோர்வுற்ற நோயாளிகள் எல்லாப் பரீட்சைகளிலும் பின்தங்கவில்லை. எளியவற்றில் மற்றவரைப் போலவே இருந்தனர். மனத்தின் கொள்ளளவை முழுதும் வேண்டும் கடினமான பரீட்சைகளில் மட்டும் பின்தங்கினர். மனச்சோர்வும் மூளைத்தழும்பும் ஒரே பணப்பையிலிருந்து செலவழிக்கும் இரு பிள்ளைகளைப் போன்றவை எனலாம். அவரே பின்னர் கல்லூரி விளையாட்டு வீரர்களின் மூளை அதிர்ச்சியையும் ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சிக்கு வழி வகுத்தவர் வர்ஜீனியாவில் ஜெஃப்ரி பார்த். 1980களில் பத்துப் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கால்பந்து வீரர்களை, ஆட்டப் பருவம் தொடங்குமுன்பே அவர் பரீட்சித்து வைத்தார். அடிபட்டபின் அதே பரீட்சையை மீண்டும் நடத்தினால், வீரரை அவரோடே ஒப்பிடலாம் அன்றோ? அடிபடுமுன்பே சோர்வுற்றிருந்தவரை அடியால் சோர்வுற்றார் என்று தவறாகக் கொள்ளும் இடரும் இதனால் குறைகிறது.

நம் நாட்டில் இக்கல்வி எவ்வாறு வளர்ந்தது? மூளை அறுவை மருத்துவம் முதலில் வந்தது. கானடாவில் வைல்டர் பென்பீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையைத் தொடங்கினார். 1950இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி தொடங்கினார். இவ்விருவரும் வேறு இருவரும் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். பெங்களூரில் 1954இல் அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றி, 1974இல் நிம்ஹான்ஸ் ஆயிற்று. அங்கே சி. ஆர். முகுந்தன் நரம்பு உளவியல் பிரிவை வளர்த்தார். 2004இல் ஷோபினி ராவும் அவருடன் பணியாற்றியோரும் இந்தியர்க்கென்றே தொகுத்த நரம்பு உளவியல் பரீட்சைக் கோவை வெளிவந்தது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வெள்ளையர் நோய், வெப்ப நாடுகளில் இல்லை என்ற எண்ணம் இங்கே நெடுநாள் இருந்தது. குளிர்நாடுகளைவிட இங்கே அது குறைவு என்பது உண்மையே. ஆனால் 1990இல் பம்பாயிலும் புனேயிலும் வாழும் பார்சிகளிடையே நோஷிர் வாடியா நடத்திய கணக்கெடுப்பு, அவர்களுள் நூறாயிரத்தில் இருபதுக்கு மேற்பட்டோர்க்கு இந்நோய் இருப்பதைக் காட்டிற்று. காந்தப் படக் கருவி பரவியபின் ஏனையோரிடத்தும் முன்பு எண்ணியதைவிட மிகுதி என்று தெரிந்தது. தேடாதவருக்கு எப்பொருளும் கிட்டாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் ஏற்றுக்கொண்ட குறைபாடுகளின் பட்டியலில் இந்நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

தமிழ் மாணவர்க்கு இத்துறையில் ஒரு தனிப்பணி காத்திருக்கிறது. குரோன்வாலின் எண் பரீட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களில் ஏழு ஒன்றுதான் இரண்டு ஒலியசை உடையது. மற்றவை ஓரசையில் முடிந்துவிடும். தமிழிலோ ஓரசையில் முடியும் எண் ஒன்றுகூட இல்லை. இரண்டும் ஒன்பதும் மூவசை. விடையாக வரும் பதினெட்டு நான்கசை. நீண்ட சொல்லைச் சொல்லவும் நினைவில் வைக்கவும் கூடுதல் நேரம் வேண்டும் என்பது உளவியலார் நன்கறிந்த உண்மை. ஆகவே நியூசிலாந்தில் வகுத்த மதிப்பெண்ணைக் கொண்டு தட்டாஞ்சாவடித் தொழிலாளி ஒருவரை அளந்தால், நலமுள்ளவரும் நோயாளியாகத் தோன்றக்கூடும். எண்ணைத் தமிழில் கேட்டு, பள்ளியில் ஆங்கிலத்தில் கணக்குப் பயின்ற பழக்கத்தால் உள்ளுக்குள் மொழிமாற்றிக் கூட்டுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இன்னும் ஒரு நொடி கூடுதலாகிறது. கல்வி, வயது, மொழி ஆகியவற்றை வகைப்படுத்தி, நலமுள்ள தமிழர் பலரைப் பரீட்சித்து, அவர்களின் சராசரியைக் கண்ட பின்னரே அடிபட்டவரின் குறையைக் குறை என்று எழுத முடியும். உழவர், நெசவாளர், எழுத்தர், ஓட்டுநர், பள்ளிக்கே செல்லாத முதியவர் ஆகிய எல்லோரும் அக்கணக்கில் வர வேண்டும். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு கடிகாரமும், ஓர் ஒலிப்பதிவும், நிறையக் காகிதமும்தான்.